4 ஹை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் டிரான்ஸ்பர் கேஸ் போய்விட்டது என்று அர்த்தமா?

ஓமானில் நிஸ்வாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, பத்து வருடம் ஓடிய டபுள் கேப் டீசல் பிக்கப். கியர் லீவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீலுக்கென்று இன்னொரு சின்ன லீவர். அதை 2 ஹையிலிருந்து (பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பது) 4 ஹைக்கு (நான்கு சக்கரமும் இழுப்பது) தள்ளினால், டேஷ்போர்டில் உள்ள பச்சை விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. காலையில் சில நாள் சரியாக நிற்கிறது, மதிய வெயிலில் நிற்பதே இல்லை. வொர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "டிரான்ஸ்பர் கேஸ் போச்சு, பழசு ஒன்று போடலாம், 350 ரியால்" என்றார்களாம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜெபல் அக்தர் மலை ஏற வேண்டும், மாற்றத்தான் வேண்டுமா என்பது அவர் கேள்வி.

கேள்வி டிரான்ஸ்பர் கேஸை, அதாவது இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியைப் பற்றியதுபோல் இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. முன் சக்கரத்துக்கு இழுவை போகிறதா, போகவில்லையென்றால் வழியில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது சூதாட்டம்தான். நான் ஓமானில் 17 வருடம் பிக்கப், ஜீப் வகை வண்டிகளில் மட்டுமே வேலை செய்தவன். இப்போது ஊரில் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, என்ன மாடல் என்றும் நீங்கள் எழுதவில்லை. அதனால் "இதுதான் கோளாறு" என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்த்தாக வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் இழுவை போகும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், அதற்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ். இந்த மாதிரி பிக்கப்பில் பின் சக்கரத்துக்கு இழுவை எப்போதும் போகும். நீங்கள் லீவரை 4 ஹைக்குத் தள்ளும்போது உள்ளே ஒரு ஃபோர்க், ஒரு காலரை (பல் உள்ள வளையத்தை) நகர்த்தி, முன்பக்க ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும், அதாவது இழுவையை முன்னால் கொண்டுபோகும் நீளத் தண்டையும் சேர்த்துக் கோர்க்கிறது. அந்த ஷாஃப்ட், இரண்டு முன் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியலைச் சுழற்றும். இதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 2 ஹையில் ஓடும்போது முன்பக்கச் சாமான்கள் வீணாகச் சுற்றி டீசலைக் குடிக்கக் கூடாது என்பதற்காக, முன் ஆக்சிலிலும் ஒரு இடத்தில் இணைப்பை அறுத்து வைத்திருப்பார்கள். பல ஜப்பான் பிக்கப்புகளில் இது ஒரு பக்க ஆக்சில் ஷாஃப்ட்டில் மட்டும் இருக்கும். ஒரு பக்கம் அறுத்தால் போதுமா என்று பலர் கேட்பார்கள். போதும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்கம் சும்மா சுற்ற வழி இருந்தால், இழுவை முழுவதும் அந்தப் பக்கமே ஓடிவிடும், மறுபக்கச் சக்கரத்துக்கு ஒன்றும் வராது. ஆக 4 ஹையில் இரண்டு இடம் கோர்க்க வேண்டும்: டிரான்ஸ்பர் கேஸுக்குள் ஒன்று, முன் ஆக்சிலில் ஒன்று. விளக்கு இரண்டு மூன்று வினாடி மினுக்குவது அந்த இரண்டாவது கோர்ப்புக்காகக் காத்திருக்கும் நேரம், அது கோளாறு அல்ல. மினுக்கல் நிற்காமல் போனால்தான் கோளாறு.

அப்படிப் பார்த்தால், உங்கள் விளக்கு மினுக்குகிறது என்பதே டிரான்ஸ்பர் கேஸ் ஓரளவு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். பல வண்டிகளில் டிரான்ஸ்பர் கேஸில் உள்ள சுவிட்ச் "நான் கோர்த்துவிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் மினுக்கல் தொடங்கும், ஆக்சில் சுவிட்சும் அப்படிச் சொன்னால்தான் நிலையாக எரியும். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன், எல்லா மாடலிலும் இந்த ஏற்பாடு ஒன்றுபோல் கிடையாது. அதோடு அந்த விளக்கு சொல்வது ஒரு சுவிட்சின் நிலையை மட்டும்தான். சக்கரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சுவிட்ச் கெட்டிருந்தால், ஃபோர் வீல் ஒழுங்காக விழுந்திருக்கும்போதும் மினுக்கும். எனவே விளக்கை மறந்துவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பதில் இருந்து ஆரம்பியுங்கள்.

காலையில், வண்டி சூடாவதற்கு முன்னால், சமமான மண் தரையில் 4 ஹை போட்டு நேராகப் பத்து மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். தார் ரோட்டில் வேண்டாம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பிறகு கீழே படுத்து முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். சிறிது ஆட்டம் தவிர அசையவே கூடாது. அசையவில்லையா? டிரான்ஸ்பர் கேஸ் பெரும்பாலும் கோர்த்திருக்கிறது, 350 ரியால் மிச்சமாகலாம். இனி எஞ்சினை ஸ்டார்ட் செய்து, லீவரை 2 ஹைக்கு மாற்றி, சில மீட்டர் நேராக ஓட்டி, முன்போலவே அணைத்துக் கல் வைத்து மறுபடி திருப்புங்கள். இப்போது ஷாஃப்ட் லேசாகச் சுற்ற வேண்டும். 4 ஹையிலும் அது தாராளமாகச் சுற்றினால் மட்டுமே டிரான்ஸ்பர் கேஸ் மேலோ அதன் லீவர் இணைப்பு மேலோ சந்தேகப்பட நியாயம் உண்டு. இரண்டு நிலையிலும் சுற்ற மறுத்தால் ஏதோ ஒரு இணைப்பு விடுபடாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: லீவரை மாற்றும்போது தவறி 4 ஹைக்கு அப்பால் உள்ள நியூட்ரலில் நின்றுவிட்டால், கியரில் போட்டிருந்தாலும் அது வண்டியைப் பிடிக்காது. கல் வைக்கச் சொன்னது அதற்காகத்தான். எஞ்சின் ஓடும்போது ஷாஃப்ட் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஃபோர் வீலில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

ஷாஃப்ட் பூட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு அதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்புறம் பார்க்க வேண்டியது முன் ஆக்சில். உங்கள் வண்டியில் அங்கே கோர்க்கும் காலரை நகர்த்துவது பெரும்பாலும் வேக்குவமாக, அதாவது காற்றை உறிஞ்சி இழுக்கும் விசையாக இருக்கும். முன் டிஃபரன்ஷியல் பக்கத்தில், ஒன்றோ இரண்டோ மெல்லிய ரப்பர் ஓஸ் போய்ச் சேரும் வட்டமான டப்பா இருந்தால் அது வேக்குவம் ஆக்சுவேட்டர். ஓஸ் இல்லாமல் ஒயர் மட்டும் போனால் மின்மோட்டார் வகை. டீசல் வண்டியில் வேக்குவம் தானாக வராது, அதற்கென்று ஒரு பம்ப் இருக்கும், பல எஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து வேக்குவம், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்கு வந்து, வால்வு திறந்தால் ஓஸ் வழியாக ஆக்சுவேட்டருக்குப் போய் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை இழுக்கும். சவ்வு ஃபோர்க்கை இழுக்கும், ஃபோர்க் காலரை நகர்த்தும். இதில் ஓஸும் சவ்வும் ரப்பர். ஓமான் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பத்து வருடம் கிடந்த ரப்பர் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காலையில் வேலை செய்து மதியம் செய்யாதது என்னை இந்தப் பக்கம்தான் இழுக்கிறது. வெடித்த ஓஸ் முனை குளிரில் இறுக்கமாகப் பிடித்திருந்து, சூட்டில் இளகிக் காற்றை விடும். சோலனாய்டின் காயிலிலும் (கம்பிச் சுருளிலும்) சூடு ஏற ஏற மின்தடை கூடும், வலு குறையும். இரண்டுமே நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டிவிட மாட்டேன், மின் கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் இப்படித்தான் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது.

சோதிப்பது இப்படி. வண்டியை நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கில், சக்கரத்துக்குக் கல் வைத்து ஓடவிட்டு, சோலனாய்டிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஓஸை மேலே, சோலனாய்டு பக்கத்திலேயே கழற்றி, சோலனாய்டின் வாயில் விரல் வையுங்கள். ஒருவரை உள்ளே உட்கார்ந்து லீவரை 4 ஹைக்கு மாற்றச் சொல்லுங்கள். விரலை இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் கோளாறு பம்ப் பக்கத்திலோ சோலனாய்டிலோ இருக்கிறது: வேக்குவம் உள்ளே வருகிறதா, சோலனாய்டு "டக்" என்று சத்தம் கொடுக்கிறதா, கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா, ஃபியூஸ் நல்லதா என்று வரிசையாகப் பாருங்கள். இழுத்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த ஓஸ் முனையில் கை வேக்குவம் பம்ப்பை மாட்டி 500 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இழுத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் ஓஸிலோ சவ்விலோ ஓட்டை. கீழே ஆக்சுவேட்டரிலேயே நேராக மாட்டி இன்னொரு முறை இழுத்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். கை பம்ப் இல்லாதவர்கள் மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் வாங்கி இழுத்துப் பார்க்கலாம், அளவு தெரியாவிட்டாலும் பிடித்து நிற்கிறதா என்பதாவது தெரியும். முள் இறங்காமல் நின்று, ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துக் கையால் மெதுவாகத் திருப்பும்போதும் காலர் கோர்க்கவில்லையென்றால், ஃபோர்க்கோ காலரோ துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இறுகியிருக்கிறது. இதற்குத்தான் கழற்ற வேண்டிவரும், அதுவும் ஆக்சிலின் ஒரு பக்கத்தை மட்டும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே புகாரோடு ஒரு வண்டி என்னிடம் வந்தது. அதற்கு முன்பே வேறொரு இடத்தில் டிரான்ஸ்பர் கேஸை மாற்றியிருந்தார்கள், பிறகும் விளக்கு மினுக்கியது. ஓட்டி வந்தவர் தண்ணீர் லாரிக் கம்பெனியில் மேஸ்திரி, அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதில் போயிருந்தது. நான் கண்டுபிடித்தது ஒரு விரல் நீள ஓஸ். எஞ்சின் வேலை பார்த்த யாரோ அதைக் கிளிப்பில் மாட்டாமல் விட்டதால் எக்சாஸ்டில் உரசி உருகியிருந்தது. இன்னொரு வண்டியில் இரண்டு ஓஸையும் இடம் மாற்றிச் சொருகியிருந்தார்கள். 2 ஹையில் ஆக்சில் கோர்த்துக்கொள்ளும், 4 ஹையில் விட்டுவிடும். எனவே உங்கள் வண்டியில் சமீபத்தில் எஞ்சின் பக்கம் ஏதாவது வேலை நடந்ததா என்று பழைய ஓனரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வேக்குவம் எல்லாம் சரி, காலரும் நகர்கிறது, மணலில் முன் சக்கரம் இழுக்கிறது, ஆனால் விளக்கு மட்டும் மினுக்குகிறது என்றால் ஆக்சிலில் உள்ள சுவிட்ச்தான் மிச்சம். குமிழ் முனை உள்ள சின்னச் சாமான் அது, உள்ளே தண்ணீர் போனால் செத்துவிடும். டிரான்ஸ்பர் கேஸில் உள்ள சுவிட்ச் அப்படி இலேசானது அல்ல. லீவர் வகை வண்டிகள் பலவற்றில் அந்த சுவிட்ச் சொன்னால்தான் சோலனாய்டுக்கு மின்சாரமே போகும். அது கெட்டால் ஆக்சிலுக்கு உத்தரவே வராது. சுவிட்சைச் சோதிக்க ஒயரை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒயரிங் படம் கையில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், சில சுவிட்ச் தள்ளினால் இணைக்கும், சில தள்ளினால் துண்டிக்கும். சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துக் குமிழை அழுத்திப் பார்ப்பது நல்லது.

டிரான்ஸ்பர் கேஸ் உண்மையிலேயே போயிருந்தால் அது வேறு மாதிரிக் காட்டும். 4 ஹையில் மேட்டில் ஏறும்போது உள்ளே "டக், டக்" என்று எகிறினால் செயின் நீண்டு பல் தாண்டுகிறது. ஆக்சிலரேட்டரைவிட்டதும் லீவர் தானாக 2 ஹைக்கு வந்துவிட்டால் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது. ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் நிறப் பொடி பயப்படும்படியானது அல்ல. கையில் அகப்படும் துணுக்குகள் இருந்தால் பயப்பட வேண்டும். இவை எதுவும் உங்கள் கேள்வியில் இல்லை.

பிக்கப் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் வண்டியில் இதை அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. சக்கரத்தின் நடுவில் கையால் திருப்பும் ஹப் இருந்தால் இரண்டு பக்கமும் லாக் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றை மறந்தாலும் முன் இழுவை இல்லை. அமெரிக்க ஃபோர்டு எஃப்-150 பல மாடல்களில் வேக்குவம் தலைகீழாக வேலை செய்யும்: அங்கே வேக்குவம்தான் ஹப்பை விலக்கிப் பிடித்திருக்கிறது. ஓஸ் கசிந்தால் ஃபோர் வீல் விழாமல் போகாது. மாறாக 2 ஹையில் ஓடும்போது ஹப் அரைகுறையாகக் கோர்த்து "கரகர" என்று அரைக்கும். 1990களின் தொடக்கத்து ஷெவர்லே கே1500 வண்டியில் ஆக்சுவேட்டர் சூடேறி விரிந்துதான் ஃபோர்க்கைத் தள்ளும். 4 ஹை போட்ட உடனே விழவில்லையே என்று அதில் பதறக் கூடாது. திருகும் நாப் வைத்த புது வண்டிகளில் டிரான்ஸ்பர் கேஸ் மேலேயே ஒரு மோட்டார் இருக்கும். அதில் ஸ்கேனர் மாட்டி, கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்ணைப் படிக்காமல் கை வைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் பக்கத்தில் என் அனுபவம் குறைவு, அதில் தேர்ந்தவரிடம் போவதே நல்லது.

டயரையும் பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் ஃபோர் வீல் சிக்கிக்கொள்ளும். 265/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறக்குறைய 777 மில்லிமீட்டர். டயர்ப் பட்டனின் ஆழத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் குறையும், கணக்குப் போட்டால் ஒன்றரை சதவீதம். ஒரு கிலோமீட்டருக்கு முன்னும் பின்னும் 15 மீட்டர் ஒத்துவராது. மணலில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்துவிடும், தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும். அப்படி முறுக்கேறினால் லீவர் 2 ஹைக்கு வர மறுக்கும். உடைந்துவிட்டது என்று நினைத்து லீவரை ஓங்கி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நேராகச் சில மீட்டர் பின்னோக்கி வாருங்கள், தானாக விடும். இன்னொன்று, பயன்படுத்தாமல் வைப்பதும் இந்த இணைப்புகளைக் கெடுக்கும். டொயோட்டா தன் டகோமா பிக்கப்பின் கையேட்டில் மாதத்துக்குக் குறைந்தது 16 கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது, முன்பக்கச் சாமான்களுக்கு ஆயில் போய்ச் சேர. ஈரமான மண் தரையில் அதைச் செய்யுங்கள்.

இனி ஜெபல் அக்தர். பிர்கத் அல் மவுஸில் போலீஸ் செக்போஸ்ட்டில் ஃபோர் வீல் வண்டி இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதை நினைத்து மட்டும் நீங்கள் விளக்கைப் பற்றிக் கவலைப்படுவதாக இருந்தால், அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மேலே போகும் வழி முழுவதும் தார் ரோடு. ஏறுவதற்கு 2 ஹையே போதும், கூர்மையான வளைவுகளில் 4 ஹை போட்டால் நான் சொன்ன முறுக்குத்தான் ஏறும். ஆபத்து இருப்பது இறங்கும்போது. சுமார் 2000 மீட்டர் உயரத்திலிருந்து குடும்பத்தோடு இறங்குகிறீர்கள். ஃபோர் வீலுக்கு வேக்குவம் கொடுக்கும் அதே பம்ப்தான் பெரும்பாலும் பிரேக் மிதியை இலகுவாக்கும் உங்கள் பிரேக் பூஸ்டருக்கும் கொடுக்கிறது. பம்ப் பலவீனமாக இருந்தாலோ, கசிவு பெரிய குழாயில் இருந்தாலோ, மினுக்கும் அந்த விளக்கு பிரேக்கைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

ஆகவே வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள், இன்றைக்கே. எஞ்சின் அணைந்திருக்கும்போது பிரேக் பெடலை ஐந்தாறு முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். பிறகு அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள், முதல் ஒன்றிரண்டு மிதி இன்னும் மென்மையாக இருக்க வேண்டும், கல்போல் இருக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் கோளாறைச் சரிசெய்யும்வரை மலைக்குப் போகாதீர்கள். தவறவில்லையென்றாலும் இறங்கும்போது ஏறின கியரிலேயே, தேவைப்பட்டால் அதைவிட ஒரு கியர் குறைவாக, எஞ்சின் பிடியில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், அதற்கு ஃபோர் வீல் உதவாது.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 4 ஹையில் சுற்றியதா இல்லையா, ஆக்சுவேட்டருக்கு எத்தனை ஓஸ் போகிறது, வண்டியின் மாடலும் வருடமும் என்ன? இந்த மூன்றையும் எழுதுங்கள், அடுத்து எந்தப் போல்ட்டைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.